ஆடாத பேனா

ஓட்டத்தை அளக்கும் பேனா ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. வெப்பநிலையின் பேனா தாளில் மெல்லிய கோடு இழுக்கும். தொட்டி மட்டத்தின் பேனா மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். ஃப்ளோ பேனாவுக்கு மட்டும் நடுக்கம் தீராது. குழாய்க்குள் எண்ணெயோ தண்ணீரோ நீராவியோ போகும்போது சுழிகள் பிறக்கின்றன. பம்பின் ஒவ்வோர் இறக்கையும் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிறது. வளைவுகளிலும் பாதி திறந்த வால்வுகளிலும் திரவம் முட்டித் திரும்புகிறது. இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பேனாவை ஆட்டின.

1960களிலும் 70களிலும் சுத்திகரிப்பு ஆலையிலோ உர ஆலையிலோ அனல்மின் நிலையத்திலோ கண்ட்ரோல் ரூம் என்றால் சுவர் நீளத்துக்கு ரிக்கார்டர்கள். அவற்றில் பல வட்டத் தாள் போட்டவை. 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. தாளை மாற்றி, மை நிரப்பி, தேதி எழுதி, பழையதை அடுக்கி வைப்பது தினசரி வேலை. அந்தத் தாளில் ஃப்ளோ கோடாக விழாது, பட்டையாக விழும். பட்டையின் நடுவைப் பார்த்து எவ்வளவு ஓடுகிறது என்று சொல்வார்கள். பட்டையின் அகலத்தைப் பார்த்து எப்படி ஓடுகிறது என்று சொல்வார்கள். இந்த இரண்டாவது படிப்பை எந்தக் கையேடும் கற்றுக்கொடுக்கவில்லை. சீனியர் டெக்னீஷியன் புதுப் பையனிடம் சொல்வது ஒன்றுதான்: “தம்பி, பேனா ஆடுதேன்னு பயப்படாதே. ஆடாம நின்னா ஓடி வந்து சொல்லு.”

அந்த அறிவுரைக்கு நல்ல இயற்பியல் இருக்கிறது. குழாயின் குறுக்கே ஓட்டை போட்ட ஒரு தகட்டை வைத்தால், அதாவது ஆரிஃபிஸ் பிளேட்டை வைத்தால், முன்னால் அழுத்தம் கூடவும் பின்னால் குறையவும் செய்யும். அந்த வித்தியாசத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடுகிறோம். 1797இல் இத்தாலியரான வென்ச்சூரி குறுகும் குழாயில் கண்டதை, 1880களின் இறுதியில் அமெரிக்கப் பொறியாளர் கிளெமென்ஸ் ஹெர்ஷல் குடிநீர்க் குழாய்களுக்கான மீட்டராக மாற்றினார். ஆரிஃபிஸ் அதன் மலிவான தம்பி. தகட்டின் இரு பக்கத்திலிருந்தும் விரல் பருமனில் இரண்டு சிறு குழாய்கள் கருவிக்கு வரும். இம்பல்ஸ் லைன் என்பார்கள். குழாயில் எழும் ஆட்டம் இந்த இரண்டின் வழியாகவே பேனாவை அடைய வேண்டும். மெழுகு கலந்த எண்ணெயோ துருவோ உப்போ சேர்ந்து இரண்டு லைனும் அடைத்துக்கொண்டால், கடைசியாக இருந்த அழுத்தம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். பேனா நேற்றைய ஓட்டத்தைச் சலனமின்றிக் காட்டிக்கொண்டிருக்கும். குழாயில் ஒரு சொட்டு ஓடாவிட்டாலும் காட்டும். பட்டை மெலிந்தால் ஆபத்து என்பது இதனால்தான்.

இந்த முறைக்கு இன்னொரு குணமும் உண்டு. அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலம்தான் ஓட்டம். ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், வித்தியாசம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். முழு ஓட்டத்தில் கருவி வித்தியாசத்தை 0.25 சதவீதம் கூட்டிக் காட்டினால், ஓட்டத்தில் வரும் பிழை 0.125 சதவீதம், யாரும் கவலைப்பட மாட்டார்கள். முழு வீச்சின் அதே 0.25 சதவீதம் பத்து சதவீத ஓட்டத்தில் வந்தால் கருவி பத்தை 11.18 என்று காட்டும். கிட்டத்தட்ட பன்னிரண்டு சதவீதப் பிழை. ஓட்டம் குறையக் குறைய இரைச்சல் பெரிதாகிறது. ஆனால் ஆபத்து நேரங்களில், அதாவது ஆலையைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் பம்ப் திணறும்போதும், ஓட்டம் குறைவாகத்தான் இருக்கும். கருவி மிக மோசமாகப் பேசும் நேரமும் அதை நாம் மிகக் கவனமாகக் கேட்க வேண்டிய நேரமும் ஒன்றாக அமைந்தது இந்தத் தொழிலின் துரதிர்ஷ்டம்.

அன்றைய ரிக்கார்டர்களில் பலவற்றின் வயிற்றில் பாதரசம் இருந்தது. அழுத்த வித்தியாசம் பாதரசத்தைத் தள்ளும், அதில் மிதக்கும் மிதவை பேனாவை நகர்த்தும். கனமான திரவம் என்பதால் சின்ன அதிர்வுகளைத் தானே விழுங்கிக்கொள்ளும். போதாவிட்டால் நடுவில் இருக்கும் ஊசி வால்வைக் கொஞ்சம் திருகுவார்கள். மூன்று வால்வு கொண்ட மேனிஃபோல்டை வரிசை தப்பித் திறந்தால் ஒரு பக்கத்து அழுத்தம் முழுவதும் பாதரசத்தின் மேல் விழும். அது குழாய்க்குள்ளேயோ தரையிலோ போய்ச் சேரும். தரையில் உருண்ட மணிகளைக் காகிதத்தால் ஒதுக்கி, வெறுங்கையால் திரட்டிப் புட்டியில் போட்டவர்கள் உண்டு. அதன் ஆவி நரம்பைத் தாக்கும் என்பது மருத்துவ நூல்களில் இருந்தது, ஒர்க்‌ஷாப்பில் இல்லை. பெல்லோஸ் வைத்த உலர் கருவிகள் வந்து பாதரசத்தை வெளியேற்றியதை இந்தத் துறையின் சத்தமில்லாத பாதுகாப்புச் சீர்திருத்தம் என்பேன்.

சிக்னலைத் தூரத்துக்கு அனுப்ப அன்று காற்றுதான். 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சுத்தமான காற்று கருவிக்குப் போகும். கருவி 3 முதல் 15 பிஎஸ்ஐ வரையில் பதிலைத் திருப்பி அனுப்பும். மெட்ரிக் ஆலைகளில் 0.2 முதல் 1 கிலோ. கீழ்முனை பூஜ்யத்தில் தொடங்காமல் 3இல் தொடங்கியது வேண்டுமென்றே செய்தது. 3 என்றால் ஓட்டம் இல்லை. 0 என்றால் கருவியோ குழாயோ செத்துவிட்டது. இந்த ஒரு யோசனை அடுத்து வந்த எல்லாத் தலைமுறைக் கருவிகளுக்கும் கடத்தப்பட்டது.

காற்றுக் கருவிக்கு மின்னலும் தெரியாது, மோட்டாரும் தெரியாது. வெல்டிங் மிஷின் பக்கத்தில் பொறி பறக்கட்டும், ஒரு நூலளவு அசையாது. எரிவாயு கசிந்த இடத்தில் தீப்பொறி கிளப்பவும் அதனால் முடியாது. கம்ப்ரஸர் நின்றால் வால்வின் ஸ்பிரிங் தானாக அதைப் பாதுகாப்பான பக்கம் தள்ளிவிடும். இந்தக் கடைசி ஏற்பாடு இன்றும் அப்படியே இருக்கிறது. எத்தனை கணினி வந்தாலும் வால்வின் தலையில் காற்றும் ஸ்பிரிங்கும்தான். குறையும் இருந்தது. நூறு மீட்டர் செப்புக் குழாயில் சிக்னல் போய்ச் சேர வினாடிகள் ஆகும். காற்றில் ஈரமோ எண்ணெயோ கலந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அந்தத் தொல்லை தனி. ஆலைகள் பெரிதானபோது காற்று போதவில்லை. மின்சாரம் வந்தது.

வந்ததும் இரண்டு கேள்விகளையும் கூடவே கூட்டி வந்தது. பொறி பறக்காமல் இருக்குமா? இரைச்சல் ஏறாமல் இருக்குமா?

முதல் கேள்விக்கான பதில் எண்ணெய் ஆலைகளில் பிறக்கவில்லை, நிலக்கரிச் சுரங்கத்தில் பிறந்தது. 1913 அக்டோபர் 14 அன்று தெற்கு வேல்ஸில் செங்கெனித் கிராமத்துச் சுரங்கம் வெடித்தது. 439 தொழிலாளர்களும் மீட்கப் போன ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் அதைவிடப் பெரிய சாவு இல்லை. தீ எங்கிருந்து வந்தது என்பது முடிவாக நிறுவப்படவில்லை. சந்தேகப் பட்டியலில் சிக்னல் மணி இருந்தது. அக்காலச் சுரங்கங்களில் பாதை நெடுக இரண்டு வெறும் கம்பிகள் ஓடும். இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் மேலே மணி அடிக்கும். சாதாரண பேட்டரி மின்சாரம்தானே, அது என்ன செய்துவிடும் என்பது அன்றைய எண்ணம். வீலர், தார்ன்டன் என்ற ஆய்வாளர்கள் சோதித்தபோது அந்த எண்ணம் உடைந்தது. மின்னழுத்தம் குறைவுதான். ஆனால் மணியின் சுருளில் தேங்கும் ஆற்றல், தொடர்பு அறும் கணத்தில் பொறியாக வெளிவருகிறது, மீத்தேனைப் பற்றவைக்க அது போதும். கம்பியில் எவ்வளவு ஆற்றல் போகலாம் என்பதையே கட்டுப்படுத்தினால், கம்பி அறுந்தாலும் உரசினாலும் பற்றாது என்ற கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. சிக்னல் அனுப்பும் கம்பியே கொல்லக்கூடும் என்பதைத் தொழில் உலகம் ஒரு கிராமத்தின் ஆண்களைப் பலிகொடுத்துக் கற்றது.

பற்றவைக்கத் தேவையான ஆற்றல் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். மீத்தேன் கலந்த காற்றுக்கு சுமார் 0.28 மில்லிஜூல். ஹைட்ரஜனுக்கு 0.02தான். அதனால்தான் இன்று ஆபத்துப் பகுதிக்குப் போகும் சிக்னல் கம்பியின் வாசலில் ஒரு தடுப்பு நிற்கிறது. பேரியர் என்பார்கள். பரவலாகப் புழங்கும் வகை 28 வோல்ட்டுக்கு மேல் விடாது, 300 ஓம் மின்தடை வழியாக 93 மில்லியாம்பியருக்கு மேல் தராது. கண்ட்ரோல் ரூம் பக்கம் 230 வோல்ட் தவறாக ஏறினாலும் உள்ளிருக்கும் ஜீனர் டையோடுகள் அதை எர்த்துக்குத் தள்ளிவிட்டு ஃபியூஸை எரித்துக்கொள்ளும். இந்தியாவில் இப்படிப்பட்ட கருவிகளை தன்பாத் சுரங்க, எரிபொருள் ஆய்வு நிறுவனம் போன்ற சோதனைக்கூடங்கள் சோதிக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அங்கீகரிக்கிறது. ஆலையில் நீல நிறக் கேபிளைப் பார்த்தால் அது இந்த வகை என்று அர்த்தம். அதைக் கறுப்புக் கேபிளோடு சேர்த்துக் கட்டுகிறவனுக்கு இன்ஸ்பெக்‌ஷனில் திட்டு நிச்சயம்.

இரைச்சல் பற்றிய இரண்டாவது கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

1832 ஜனவரியில் மைக்கேல் ஃபாரடே லண்டன் வாட்டர்லூ பாலத்துக்குப் போனார். பூமியின் காந்தப்புலத்தில் தேம்ஸ் ஆறு ஓடுகிறது. ஓடும் கடத்தியில் மின்னழுத்தம் பிறக்கும் என்று தானே கண்டுபிடித்திருந்தார். ஆற்றிலும் பிறக்க வேண்டுமே என்பது கணக்கு. பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக 960 அடி செப்புக் கம்பியைப் போட்டு, இரு முனையிலும் உலோகத் தகடுகளைத் தண்ணீரில் இறக்கிக் கால்வனோமீட்டரைப் பார்த்தார். முள் ஆடியது. ஆனால் ஆற்றின் ஓட்டத்துக்கும் அந்த ஆட்டத்துக்கும் பொருத்தம் கிடைக்கவில்லை. தகட்டுக்கும் தண்ணீருக்கும் இடையிலான வேதிவினையே அவர் தேடிய சிக்னலைவிடப் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்கியது. அறிவியல் வரலாற்றில் ஃப்ளோ மீட்டரின் இரைச்சலிடம் தோற்ற முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அவருக்கே அந்தக் கதி என்றால் நம்மவர்கள் எம்மாத்திரம்.

அதே தத்துவத்தை மூடிய குழாயில், செயற்கைக் காந்தப்புலத்தில் பயன்படுத்தலாம் என்று 1941இல் சுவிட்சர்லாந்தின் பெனடிக்டைன் துறவி தூர்லமான் எழுதினார். 1950களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் அது விற்பனைக்கு வந்த கருவியாயிற்று. கடலடி மண்ணை வாரும் கப்பல்களுக்குச் சேறு கலந்த தண்ணீரை அளக்க வேண்டியிருந்தது. குழாயில் தகடு வைத்தால் சேறு அரித்துத் தின்றுவிடும். காந்த மீட்டரில் குறுக்கே எதுவுமில்லை. ஆனால் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் ஓடும்போது அதில் கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டைச் சுற்றித்தான், பல கருவிகளில் அதற்கும் குறைவு. எலெக்ட்ரோடில் வேதிவினையால் எழும் மின்னழுத்தமோ அதைப்போல நூறு மடங்கு இருக்கலாம். தொடக்கக் காலத்தில் மெயின்ஸ் மின்சாரத்தையே சுருளுக்குக் கொடுத்தார்கள். பக்கத்து மோட்டாரும் 50 ஹெர்ட்ஸ், மீட்டரும் 50 ஹெர்ட்ஸ், எது யாருடைய குரல் என்று பிரிக்க முடியாது. பூஜ்யம் நகர்ந்துகொண்டே இருக்கும். சரிசெய்ய ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓடுகிற ஆலையில் யார் நிறுத்துவார்கள்? 1970களில் சுருளின் மின்சாரத்தைத் துடிப்புகளாகத் திசைமாற்றி, இரண்டு அளவுகளைக் கழித்துப் பார்க்கும் உத்தி வந்தது. நிலையாக நிற்கும் வேதி மின்னழுத்தம் கழித்தலில் மறைந்தது. ஃபாரடேயின் எதிரி ஒழிந்தான். ஆனால் மெதுவான துடிப்பு காகித ஆலைக் கூழுக்கு ஒத்துவரவில்லை. நார்கள் எலெக்ட்ரோடை உரசும்போது எழும் குறட்டை அந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே குடியிருக்கிறது. அதற்காக ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்ணில் இயங்கும் மீட்டரை 1980களின் இறுதியில் ஜப்பானின் யோகோகாவா கொண்டுவந்தது.

ஆரிஃபிஸ் பக்கத்தில் காற்றின் இடத்தை 4 முதல் 20 மில்லியாம்பியர் பிடித்தது. 3 பிஎஸ்ஐயின் அதே யோசனை: 4 என்றால் ஓட்டமில்லை, 0 என்றால் கம்பி அறுந்தது. மின்னழுத்தத்துக்குப் பதில் மின்னோட்டத்தை அனுப்பியதால் கம்பியின் நீளம் பொருட்டில்லை, இரைச்சலும் குறைவு. குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. கேபிளின் ஷீல்டை இரு முனையிலும் எர்த் செய்துவிட்டால், இரண்டு எர்த்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஷீல்டு வழியாகவே ஓடி உள்ளே ஏறும். ஒரே முனையில், வழக்கமாகப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்ய வேண்டும். தேர்வில் எல்லோரும் சரியாக எழுதுவார்கள்; ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தால் வேறு கதை. ஜீனர் பேரியருக்கோ ஒரு ஓமுக்குக் கீழான தனி எர்த் வேண்டும். பாதுகாப்புக்காகப் போட்ட அந்த எர்த்தே, களத்தில் இன்னோர் எர்த்தைச் சந்தித்தால் இரைச்சலுக்கு வாசலாகிவிடும். பாதுகாப்பும் தெளிவும் ஒன்றுக்கொன்று இடிக்கிற இடம் அது. இரு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பே இல்லாமல் பிரிக்கும் ஐசொலேட்டர்கள் வந்த பிறகுதான் சண்டை தீர்ந்தது.

வாக்கிடாக்கி கதை தனி. களத்திலிருந்து சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, “அண்ணே, இப்ப எவ்வளவு காட்டுது?” என்று வாக்கிடாக்கியில் கேட்டால், கேட்கிற அந்த நேரத்தில் ரீடிங் தாவும். பேச்சை நிறுத்தினால் சரியாகிவிடும். திறந்த கருவிக்குப் பக்கத்தில் பேசியதற்கே ட்ரிப் ஆன, அதாவது தானாக நின்றுபோன ஆலைகள் உண்டு. 1978இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சோதனைத் தரம் வந்தது. இன்றைய கருவிகள் மீட்டருக்குப் பத்து வோல்ட் ரேடியோ அலையில் நிறுத்திச் சோதிக்கப்படுகின்றன. வாக்கிடாக்கியின் தொல்லை பெருமளவு ஓய்ந்தது. அந்த இடத்துக்கு மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்கள் வந்திருக்கின்றன. மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்கும் இவை எர்த் கம்பியிலேயே அழுக்கைக் கொட்டுகின்றன.

இந்த அழுக்கு இல்லாத இடமும் உண்டு. கஞ்சிக்கோட்டில், கோவையிலிருந்து வாளையாரைத் தாண்டினால் வரும் பாலக்காட்டு மண்ணில், திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1987இல் தொடங்கியது. ஃப்ளோ மீட்டர்களைத் தண்ணீரிலும் எண்ணெயிலும் காற்றிலும் ஓட்டிச் சரிபார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அங்கே நீளமான நேர்க்குழாய், நிலையான ஓட்டம், சுத்தமான எர்த். அதே மீட்டர் ஆலைக்குத் திரும்பி வளைவுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் மாட்டப்படும். சான்றிதழிலுள்ள துல்லியத்தை அங்கேயும் எதிர்பார்ப்பது நம் அப்பாவித்தனம்.

இன்றைய கதையின் முக்கியமான இடம் டாம்பிங், அதாவது ரீடிங்கின் நடுக்கத்தை மட்டுப்படுத்தும் ஏற்பாடு. 1975இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் கணினி வழிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது ரிக்கார்டர்கள் திரைக்குள் போகத் தொடங்கின. திரையில் நடுங்கும் எண்ணை யாருக்கும் பிடிக்காது. 412, 437, 405 என்று மாறிக்கொண்டே இருந்தால் ஆபரேட்டருக்கு எரிச்சல். “சார், ரீடிங் ஆடுது” என்று புகார் எழுதுவார். டெக்னீஷியன் கம்யூனிகேட்டரை மாட்டி டாம்பிங்கை அரை வினாடியிலிருந்து பத்து வினாடிக்கு ஏற்றுவார். எண் நின்றுவிடும். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிக்கு விலை உண்டு. உலையில் எண்ணெய் ஓடும் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் எண்ணெய் கரியாகி, குழாய் பழுத்து, வெடிக்கும். ஓட்டம் 30 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எரிபொருளை நிறுத்து என்று ட்ரிப் வைத்திருக்கிறோம். ஓட்டம் நூறிலிருந்து சட்டெனப் பூஜ்யத்துக்கு விழுகிறது. பத்து வினாடி டாம்பிங் உள்ள கருவி அந்த 30ஐத் தொட 12 வினாடி எடுத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஓட்டம் இருக்கிறது, குழாயில் இல்லை. கணினியில் இன்னொரு ஃபில்டர் போட்டிருந்தால் இன்னும் தாமதம். அன்று ஊசி வால்வைத் திருகினால் அது கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஷிப்ட்காரர் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பார். இன்று டாம்பிங் என்பது கருவியின் நினைவகத்தில் ஓர் எண். அதை ஏன் மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதிவைக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஃபில்டர் போடாவிட்டாலும் வில்லங்கம். இரைச்சலால் ட்ரிப் ஆகும். நள்ளிரவில் காரணமில்லாமல் ஆலை நின்றால் மறுநாள் மேலாளர் முதலில் கேட்பது கருவி ஆட்களைத்தான். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை யாரோ அந்த ட்ரிப்பை பைபாஸில் போடுவார்கள். அன்று அது இரண்டு டெர்மினலுக்கு நடுவே ஒரு ஜம்பர் கம்பி. எடுக்க மறந்தால் வருடக்கணக்கில் கிடக்கும். இன்று சாவி, பாஸ்வேர்டு, பதிவேடு, கையெழுத்து. முறையான தீர்வு என்று வந்தது மூன்று கருவி வைத்து இரண்டு ஒத்துப்போனால் மட்டும் நிறுத்துவது. 1998இல் தொடங்கி வெளிவந்த ஐஇசி 61508 தரம் இந்த யோசனைகளுக்கெல்லாம் கணக்கு வடிவம் தந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் செலவைக் குறைக்க மூன்று கருவியையும் ஒரே ஜோடி இம்பல்ஸ் லைனில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். லைன் அடைத்தால் மூன்றும் சேர்ந்து ஒருமனதாகப் பொய் சொல்லும்.

எச்சரிக்கையை இரைச்சல் என்று தள்ளிவிடும் பழக்கம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 2010 ஜூலை 25ஐச் சொல்லலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் மார்ஷல் ஊருக்கு அருகில் என்பிரிட்ஜ் நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் பிளந்தது. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒப்பிடும் கணினி, கணக்கு இடிக்கிறது என்று எச்சரித்தது. கனடாவின் எட்மன்டனில் இருந்த கண்ட்ரோல் ரூமில் அதைக் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டானதால் வரும் வழக்கமான பொய்ச் சிக்னல் என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியொரு நிகழ்வு உண்மையிலேயே உண்டு; முன்பும் பலமுறை வந்திருக்கிறது. அதனால் குழாயை இரண்டு முறை மீண்டும் ஓட்டினார்கள். 17 மணி நேரத்துக்குப் பிறகு எண்ணெயைக் கண்டு சொன்னவர் வேறொரு எரிவாயு நிறுவனத்தின் ஊழியர். எட்டு லட்சம் கேலனுக்கு மேல் கசிந்ததில் ஐந்தில் நான்கு பங்கு அந்த இரண்டு மறுதொடக்கத்தின்போது போனது என்று அரசு விசாரணை சொன்னது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2005 மார்ச்சில் டெக்சாஸ் சிட்டியில் பிபி ஆலை வெடித்து 15 பேர் இறந்தபோதும் இதற்கு உறவான சிக்கல்தான். கோபுரத்துக்குள் போகும் ஓட்டம் ஒரு திரையில், வெளியே வரும் ஓட்டம் வேறொரு திரையில். இரண்டையும் யாரும் கழித்துப் பார்க்கவில்லை. மட்டம் காட்டும் கருவியோ, கோபுரம் நிரம்பி வழியப்போகும் நேரத்தில் மட்டம் மெல்ல இறங்குவதாக அமைதியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை என்றதும் இன்னொன்று. வட்டத் தாளில் பேனா போட்டது போட்டதுதான். நடுக்கத்தோடு சேர்த்து ஆண்டுக்கணக்கில் இருக்கும். இன்றைய தரவுக் களஞ்சியங்கள் இடத்தை மிச்சப்படுத்த, மாற்றம் ஒரு வரம்புக்குள் இருந்தால் புள்ளியைச் சேமிப்பதே இல்லை. விபத்துக்கு முந்தைய வாரத்தைத் திரும்பப் பார்த்தால் நூல் பிடித்தாற்போல் கோடு வருகிறது. அது ஓட்டத்தின் நேர்மையா, லைன் அடைத்ததா, களஞ்சியத்தின் சிக்கனமா என்று பிரிக்க வழியில்லை. வரம்பை அமைக்கும் ஆள் பெரும்பாலும் கணினிப் பிரிவைச் சேர்ந்தவர். இரைச்சல் அவருக்குக் குப்பை.

கருவி செய்பவர்கள் மட்டும் அந்தக் குப்பையைக் கிளறிப் பார்த்தார்கள். 1980களில் ரோஸ்மவுன்ட் நிறுவனம் கொண்டுவந்த ஹார்ட் நெறிமுறை, 4–20 மில்லியாம்பியரின் மேல் அரை மில்லியாம்பியர் அளவுக்கு 1200, 2200 ஹெர்ட்ஸ் அலைகளை ஏற்றி அதில் தகவல் அனுப்பியது. சராசரி பூஜ்யம் என்பதால் பழைய கருவிகளுக்கு அது தெரியவே தெரியாது. வேண்டுமென்றே போட்ட இரைச்சல்! அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடித்தது. அழுத்த வித்தியாசத்தை அளக்கும் இப்போதைய டிபி டிரான்ஸ்மிட்டர்கள் சில, வினாடிக்கு இருபது முறைக்கு மேல் அழுத்தத்தை அளந்து, டாம்பிங் போடுவதற்கு முன்பே அதன் நடுக்கத்தைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கின்றன. நல்ல நிலையில் இவ்வளவு ஆடும் என்று கற்றுக்கொண்டு, அதிலிருந்து விலகினால் சொல்கின்றன. இரண்டு லைனும் திறந்திருக்கும்போது பொதுவான அதிர்வுகள் இரு பக்கமும் ஒன்றாக வந்து, சம எடை ஏற்றிய தராசில் போல ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஒரு லைன் மட்டும் அடைத்தால் அந்த ஈடு போய்விடும், நடுக்கம் கூடும். இரண்டும் அடைத்தால் நடுக்கம் செத்துவிடும். பட்டையின் அகலத்தைக் கண்ணால் படித்த சீனியர்கள் கூடும் பக்கத்தைச் சில நேரம் தவறவிட்டார்கள், கருவி தவறவிடுவதில்லை.

சொல்வது யாரிடம் என்பதுதான் மிச்சம். அந்தத் தகவல் ஹார்ட் வழியாக வருவது. வழக்கமாகப் பராமரிப்புப் பிரிவின் தனிக் கணினிக்குப் போகிறது, ஆபரேட்டரின் திரைக்குப் போவதில்லை. ஆபரேட்டருக்குக் காட்டினால் இன்னோர் அலாரம், அதையும் தொல்லை என்று அணைத்துவிடுவார் என்று வாதிடுபவர்கள் உண்டு, முழுக்கத் தப்பில்லை. பழைய உள்ளீட்டு கார்டுகள் போட்ட ஆலைகளில் அந்தக் கணினிக்கும் போவதில்லை. அவற்றுக்கு 4–20 மட்டுமே புரியும். டிரான்ஸ்மிட்டர் லைன் அடைத்துவிட்டது என்று கம்பியில் சொல்லும், கார்டின் ஃபில்டர் அதை இரைச்சல் என்று கழித்துவிடும். கார்டை மாற்ற ஷட்டவுன் வேண்டும். ஷட்டவுன் பட்டியலில் பம்பும் வால்வும் முதல் பக்கத்தில் இருக்கும், கார்டு கடைசிப் பக்கத்தில் இருக்கும், நாள் குறையும்போது கடைசிப் பக்கம்தான் முதலில் வெட்டுப்படும்.